நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு துளை

மோட்டார் வைத்த மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காரியம் செய்தாக வேண்டும். மாதக்கணக்கில் ஃபைபர் கிளாஸ் பூசி, உப்புத்தாள் தேய்த்து, இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று உறுதிசெய்துகொண்ட கப்பலின் பின்பகுதியில், அதுவும் நீர்க்கோட்டுக்குக் கீழே, தானே டிரில் எடுத்து ஓட்டை போட வேண்டும். புரொப்பெல்லர் வெளியே இருக்கிறது, மோட்டார் உள்ளே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் எங்கேயாவது ஓரிடத்தில் கப்பலின் தோலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் செய்துகொண்டிருப்பது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அதற்கு ஷாஃப்ட் நான்கு. ஆக, ஓட்டையும் நான்கு.

இந்த ஓட்டைக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்த புதிதில் அவற்றுக்குப் பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அந்தச் சக்கரங்களின் அச்சு நீர்மட்டத்துக்கு மேலேயே கப்பலைவிட்டு வெளியே வந்தது. தண்ணீர் கசியும் கவலையே இல்லை. வியாபாரக் கப்பலுக்கு அது போதும். போர்க்கப்பலுக்குப் போதாது: எதிரியின் ஒரு குண்டு சக்கரத்தில் பட்டால் கப்பல் அங்கேயே நின்றுவிடும், போதாக்குறைக்குப் பீரங்கி வைக்க வேண்டிய இடத்தையெல்லாம் சக்கரமே அடைத்துக்கொள்ளும்.

மாற்று வழியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கப்பல்காரர் இல்லை, எஞ்சினியரும் இல்லை. ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டனில் ஆடுமாடு மேய்த்துவந்த பண்ணைக்காரர். சின்ன வயதிலிருந்தே படகு பொம்மை செய்வதில் பைத்தியம். தன் பண்ணைக் குட்டையில் ஒரு மாதிரிப் படகை விட்டு, கடிகாரத்தில் இருப்பதுபோன்ற சுருள்வில்லால் ஒரு மரத் திருகைச் சுழலவைத்து ஓட்டிக்காட்டினார். 1836 மே மாதம் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஸ்வீடன்காரரான ஜான் எரிக்சன் ஆறு வாரம் கழித்து வேறொரு வடிவத்துக்கு வாங்கினார். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன். உலகத்துப் போர்க்கப்பல்கள் எல்லாவற்றின் புரொப்பெல்லருக்கும் ஒரு மூதாதை, குட்டையில் விட்ட பொம்மைப் படகு. "முப்பது வயசுக்கு மேல பொம்மை செய்யறியே" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே நல்ல பதில் இதுதான்.

ஸ்மித்தின் திருகு முதலில் இரண்டு முழுச் சுற்று கொண்டதாக, கிட்டத்தட்ட மர ஆணியைப் போல இருந்தது. 1837-ல் பாடிங்டன் கால்வாயில் சோதனை ஓட்டம் நடந்தபோது எதிலோ இடித்து அதில் பாதி உடைந்துபோனது. படகு நின்றுவிடும் என்று நினைத்தார்கள். அது இன்னும் வேகமாக ஓடியது. நீளமான திருகு தண்ணீரைத் தள்ளுவதைவிட அதோடு உராய்வதில்தான் அதிக சக்தியை வீணடித்திருக்கிறது. கோடில் பாதியை அழித்த பிறகு நிரல் வேகமாக ஓடுவதைப் பார்த்திருக்கிற எவருக்கும் இந்தச் சம்பவம் அந்நியமாக இருக்காது.

1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை ராட்லர் என்ற புரொப்பெல்லர் கப்பலையும் அலெக்டோ என்ற துடுப்புச் சக்கரக் கப்பலையும் பின்புறத்தோடு பின்புறமாகக் கட்டி, கயிறிழுக்கும் போட்டி நடத்தியது. ராட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பாடப்புத்தகங்களில் இந்தப் போட்டிதான் திருப்புமுனை என்று வரும். உண்மையில் அதற்கு முன்பே கடற்படை பல புரொப்பெல்லர் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டிருந்தது. போட்டி ஊருக்குக் காட்ட.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1854. புரொப்பெல்லர் வந்துவிட்டது, ஆனால் அதன் ஷாஃப்ட் கப்பலைவிட்டு வெளியேறும் இடத்தில் வைத்த பித்தளை பேரிங்குகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடினால் இடைவெளி பெருகும், பெருகினால் கடல் உள்ளே வரும். ஜான் பென் என்ற எஞ்சினியர் இரும்பையும் பித்தளையையும் விட்டுவிட்டு மரத்துக்குப் போனார். லிக்னம் வைட்டே என்ற கரீபியன் மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. உள்ளே இயற்கையான பிசின் எண்ணெய் இருப்பதால் கடல்நீரையே மசகாக வைத்துக்கொண்டு உழைக்கும். நூறு வருஷம் கழித்து முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸிலும் அதே மரத்தைத்தான் ஷாஃப்ட் பேரிங்காக வைத்தார்கள்.

நான் இருப்பது கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில். மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு இருக்கின்றன. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னபோது ஒரு மிளகுத் தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து ஏறிவந்தேன். கடலுக்கும் இந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சமவெளிக்கு இறங்கவே எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்ட வேண்டும். ஆனால் மாதிரிக் கப்பல் செய்யக் கடல் தேவையில்லை. சாயங்கால நேரமும், அவ்வப்போது போகாத கரண்டும், ஒரு பண்ணைக்குட்டையும் இருந்தால் போதும்.

கப்பலை 1:200 அளவில் செய்கிறேன். அசல் 227 மீட்டர், என்னுடையது 113 சென்டிமீட்டர். எடைதான் வேடிக்கையானது. நீளம் இருநூறில் ஒன்றாகக் குறைந்தால் எடை இருநூறின் கனமான எண்பது லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். முழுச் சுமையோடு 44 ஆயிரம் டன் இருந்த கப்பல் என் மேஜையில் ஐந்தரைக் கிலோ. அந்த ஐந்தரைக் கிலோவுக்குள் பேட்டரி, மோட்டார், ஷாஃப்ட், பீரங்கிக் கூண்டுகள் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கிராம் கூடினாலும் நீர்க்கோடு அசலில் இருந்த இடத்தில் நிற்காது. வேகத்துக்கும் கணக்கு உண்டு. 1870-களின் தொடக்கத்தில் டார்க்கியில் பெரிய தொட்டி கட்டி, மெழுகில் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் வகுத்த கணக்கு. மாதிரியின் அலை அசலின் அலையைப் போலவே எழ வேண்டுமென்றால் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 28 கடல்மைல் ஓடிய கப்பல் என் குட்டையில் நொடிக்கு ஒரு மீட்டர் போனால் சரி. ஆள் மெதுவாக நடக்கிற வேகம். யூடியூபில் சிலர் போர்க்கப்பல் மாதிரிகளை ஸ்பீட் போட் மாதிரி சீறவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷாஃப்ட்டுக்கு நான்கு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, அதைச் சுற்றிப் பித்தளைக் குழாய், குழாயின் இரு முனையிலும் புஷ். நாமக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். லாரி பாடி கட்டும் ஊர் அது. அங்கே புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று கேட்டால் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பெரிய உருளையைத்தான் நினைப்பார்கள். பென்சில் மொத்தத்தில் நான் நீட்டிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது எந்த வண்டிக்கு?" என்றார் கடைசல்காரர்.

"கப்பலுக்குங்கண்ணா."

"கப்பலுக்கும் கிராஸ் வருமா?"

வரும். லாரிக்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் அந்த நாலுமுனை இணைப்புதான் மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் வருகிறது, சுண்டுவிரல் நகம் அளவில். கொஞ்சம் கோணம் தவறினாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அதை நம்பி மோட்டாரைக் கோணலாக வைக்கக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. செய்முறை இப்படி: முதலில் கிராஸைப் போடாமல், மோட்டார் முனையையும் ஷாஃப்ட் முனையையும் ஒரே நேரான சின்னக் குழாயால் இணைத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே கம்பிபோல ஒரே நேர்கோட்டில் நிற்கும். அந்த நிலையில் குழாயை ஓட்டைக்குள் விட்டு, மோட்டாரை அடியில் மரக்கட்டை கொடுத்து உட்காரவைத்து, எபாக்ஸி பூசிக் காயவிட வேண்டும். மறுநாள் அந்த நேர்க்குழாயை எடுத்துவிட்டுக் கிராஸைப் போடலாம். சரியாக வந்ததா என்று காது சொல்லிவிடும், மல்டிமீட்டரும் சொல்லிவிடும். மோட்டார் தனியாக ஓடும்போது எவ்வளவு ஆம்பியர் இழுத்ததோ, ஷாஃப்ட்டோடு ஓடும்போது அதைவிடச் சற்றே கூடுதலாக இழுக்கலாம். இரண்டு மடங்கு இழுத்தால் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். உரசுவது தேயும், தேய்ந்தது கசியும். ஜான் பென் பார்த்த அதே வரிசை.

குழாயைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டின் மிச்ச நீளத்தைத் தாங்க, கப்பலின் அடியிலிருந்து இரண்டு கால்கள் கீழிறங்கி ஒரு வளையத்தில் சேரும். அந்தத் தாங்கி இல்லாவிட்டால் புரொப்பெல்லரின் எடையும் தள்ளும் விசையும் சேர்ந்து ஷாஃப்ட்டை வளைத்துவிடும். மாதிரியில் இதைப் பித்தளைத் தகட்டில் செய்கிறோம். அசலில் அது பெரிய எஃகு வார்ப்பு. இந்தத் தாங்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பாக்கி. குழாய்க்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவிலிருக்கும் நூலிழை இடைவெளி வழியாகத் தண்ணீர் ஏறாமலிருக்க என் மாதிரியில் கெட்டி கிரீஸ் அடைக்கிறேன். பெரிய கப்பல்களில் அந்த இடத்தில் கிளாண்ட் இருக்கும். இந்த வார்த்தையை நான் கப்பல் புத்தகத்தில் கற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தன் பழைய தண்ணீர் பம்ப்பைப் பிரித்து, ஷாஃப்ட்டைச் சுற்றிப் பழைய கிளாண்ட் கயிற்றை நோண்டியெடுத்துவிட்டுப் புதுசு திணித்துக்கொண்டிருந்தார். நட்டை இறுக்கிய பிறகும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்றேன். "சொட்டுச் சொட்டா விழுந்தாத்தாங்க நல்லது. ஒரேயடியா இறுக்குனா ஷாஃப்ட்டு சூடேறித் தேஞ்சுரும்" என்றார். போர்க்கப்பலின் கிளாண்ட்டும் அதே கயிறு, அதே நட்டு, அதே சொட்டு. முழுதாக அடைக்கவும் கூடாது, திறந்துவிடவும் கூடாது. நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறை ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சொட்டைக் கவனித்தபடி வேலை பார்த்தார்கள்.

இவ்வளவு கப்பல் இருக்க, தமிழ்நாட்டுக்காரன் எம்டனைச் செய்யாமல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு ஏன் போனான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப்போன கப்பல், தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. எம்டனுக்கு ஷாஃப்ட் இரண்டுதான், வேலையும் பாதி. அதன் கடைசிச் சண்டையில் சுக்கான் போனபிறகு அந்த இரண்டு புரொப்பெல்லர்களையும் மாற்றி மாற்றி ஓட்டித்தான் கப்பலைத் திருப்பப் பார்த்தார்கள். மாதிரிக் கப்பலில் இரண்டு மோட்டாரைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தித் திருப்புவது இதே வித்தைதான். அழகான கதை. ஆனால் எம்டன் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

என் அம்மாயியின் அண்ணன் பதினேழு வயதில் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். 1938-ல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்து நிறுத்துவதற்குச் சற்று முன்பு. 1941 கடைசிவரை கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. சண்டை முடிந்து திரும்பிவந்த ஊர்க்காரர் ஒருவர், சயாமுக்கு ரயில் போடக் கூட்டிப்போனார்கள் என்று சொல்லியிருக்கிறார். அம்மாயிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "கப்பல்ல போனான், ரயில்ல செத்தான்" என்பாள், அழாமல். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் நான் இந்த ஷாஃப்ட்டில் வந்து முட்டிக்கொண்டேன்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1941 ஜனவரியில்தான் கடற்படையில் சேர்ந்தது. மே மாதம் பிஸ்மார்க்கோடு மோதியபோது பீரங்கிகளைச் சரிசெய்துகொண்டிருந்த கம்பெனித் தொழிலாளர்கள் இன்னும் உள்ளேயே இருந்தார்கள். ஆகஸ்டில் சர்ச்சிலை ரூஸ்வெல்ட்டிடம் அழைத்துப்போனது. அக்டோபரில், ஜப்பானை மிரட்டிவைக்க இந்தப் புதுக்கப்பல் போனால் போதும் என்று சர்ச்சில் முடிவெடுத்தார். கடற்படைத் தலைமைக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேப் டவுன் வழியாக நவம்பர் 28 கொழும்பு, டிசம்பர் 2 சிங்கப்பூர். வந்ததை ரகசியமாகவும் வைக்கவில்லை, பத்திரிகைகளில் ஊரறியப் போட்டார்கள். மிரட்ட வந்த கப்பலை மறைத்துவைத்து என்ன பயன்?

டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று சாயங்காலமே அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் நான்கு நாசகாரிக் கப்பல்களையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார். மேலே காவலுக்கு ஒரு போர்விமானம்கூட இல்லை. ஒன்பதாம் தேதி எதிரி விமானங்கள் பார்த்துவிட்டதால் திரும்பினார். குவாந்தானில் எதிரி இறங்குவதாக ஒரு செய்தி வந்தது. பொய்ச்செய்தி. அதைப் பார்க்கப் போன இடத்தில்தான், பத்தாம் தேதி காலை, சைகோன் பக்கத்திலிருந்து கிளம்பிய எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்து சேர்ந்தன.

11:44 மணி. ஒரு டார்பிடோ கப்பலின் இடப்பக்கப் பின்பகுதியில், வெளி ஷாஃப்ட் வெளியேறும் இடத்துக்கு அருகில் வெடித்தது. போரின்போது நடந்த விசாரணை அந்தப் பக்கத்தில் இரண்டு டார்பிடோக்கள் பட்டதாக முடிவுசெய்தது. ஒன்றே ஒன்று இவ்வளவு செய்திருக்க முடியாது என்ற எண்ணம். 2007-ல் கடலுக்கடியில் முங்கிப் பார்த்த குழு, ஒன்றுதான் என்று கண்டது. நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் தாங்கியை அது பிய்த்தெறிந்துவிட்டது.

அந்த ஒன்று எப்படிப் போதுமானதாக இருந்தது என்பதற்கு, கப்பலின் மற்ற பக்கங்களைப் பார்க்க வேண்டும். விளிம்பு நெடுகக் கனத்த கவசம். அதற்கு உள்ளே டார்பிடோ வெடிப்பைத் தாங்கிக்கொள்ள அடுக்கடுக்காக அறைகள். டார்பிடோ பட வேண்டிய இடத்தில் பட்டிருந்தால் ஒன்றிரண்டைத் தாங்கும்படிதான் வடிவமைத்திருந்தார்கள். பின்பகுதியின் அடிப்புறத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே இடமும் இல்லை. ஷாஃப்ட் என்பதோ ஒரு முனை கடலிலும் மறுமுனை கப்பலின் வயிற்றிலும் இருக்கும் ஒற்றை எஃகு உருளை. வழியில் இருக்கும் ஒவ்வொரு தடுப்புச் சுவரையும் ஓட்டையிட்டுத்தான் அது போகிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கிளாண்ட்.

தாங்கியை இழந்த ஷாஃப்ட் முழுவேகத்தில் சுழன்றது. வளைந்த கம்பி சுழன்றால் என்ன ஆகும் என்று டிரில் பிடித்தவர்களுக்குத் தெரியும். அது தன்னைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் அடித்து உடைத்தது. கிளாண்ட்டுகள் கிழிந்தன. அந்த ஷாஃப்ட்டை ஓட்டிய பி எஞ்சின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் லெஃப்டினன்ட் டிக் வைல்டிஷ். அவருடைய சாட்சியம் இப்படிப் போகிறது: ஷாஃப்ட்டை முதலில் நிறுத்திவிட்டார்கள். பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது, அறையைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. நான் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. நின்றுபோனதை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் வைத்தியம். வைல்டிஷ் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலே விமானங்கள் சுற்றுகின்றன, கப்பலுக்கு வேகம் வேண்டும், ஷாஃப்ட்டின் மறுமுனையில் என்ன ஆயிற்று என்று எஞ்சின் அறையிலிருந்து பார்க்க எந்த வழியும் கிடையாது.

சில நிமிடங்களில் சுமார் 2,400 டன் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கப்பல் இடப்பக்கம் பதினோரு பாகைக்கு மேல் சாய்ந்தது. வேகம் மணிக்கு 16 கடல்மைலாக விழுந்தது. ஆனாலும் கப்பலைக் கொன்றது தண்ணீர் மட்டுமல்ல. பி எஞ்சின் அறையோடு அக்கம்பக்கத்து அறைகளும் போனதில் மின்னாக்கிகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. பின்பாதிக் கப்பலில் விளக்கில்லை, காற்றோட்டமில்லை, தண்ணீரை இறைக்கும் பம்ப்புகளுக்குக் கரண்ட் இல்லை, சுக்கானைத் திருப்ப முடியவில்லை. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பல அசையவில்லை. அசைந்தவற்றாலும் சாய்ந்த தளத்திலிருந்து தாழப் பறக்கும் விமானங்களைக் குறிவைக்க முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து வலப்பக்கத்தில் இன்னும் மூன்று டார்பிடோக்கள் பட்டன. அதற்குமுன்பே கப்பல் கையைவிட்டுப் போயிருந்தது. 12:33-க்கு ரிபல்ஸ் மூழ்கியது. 1:20-க்குள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கவிழ்ந்து அடியில் போனது. இரண்டிலுமாக 840 பேர். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் மட்டும் 327, அட்மிரலும் கேப்டன் லீச்சும் சேர்த்து.

அதே வருஷம் மே மாதம் பிஸ்மார்க்கின் பின்பகுதியிலும் ஒரு டார்பிடோ பட்டு, சுக்கான் திருகிக்கொண்டது. அதன் மூன்று புரொப்பெல்லர்களும் மையத்துக்கு நெருக்கமாக இருந்ததால் எம்டனைப் போல மாற்றி மாற்றி ஓட்டித் திருப்பவும் முடியவில்லை. ஏழு மாதத்துக்குள் இரண்டு மாபெரும் கப்பல்கள், இரண்டும் பின்பக்க அடியில் பட்ட ஒற்றை அடியிலிருந்து மீளாமல் போயின. அதற்குப் பிறகு கவசத்தின் கனத்தை மட்டும் வைத்துக் கப்பலை எடைபோடுகிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

கப்பல்கள் போன மறுநாள், டிசம்பர் 11, பினாங்கில் குண்டு விழுந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கப்பல்கள் இருந்திருந்தால் அந்த விமானங்கள் வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் நடந்ததற்கும் கப்பல்கள் போனதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கடலைக் காக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும், பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியரை மட்டும் சத்தமில்லாமல் பினாங்கிலிருந்து கூட்டிப்போனது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மறுநாள் காலை எழுந்தபோது ஊரில் அரசாங்கமே இல்லை. கோட்டையில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும் என்பதால் அதை இறக்கச்செய்து வெள்ளைக்கொடி ஏற்றவைத்தவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து. பினாங்கை விட்டு பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியரிடம் சொன்னவரும் அவர்தான்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. கடல்வழி பாதுகாப்பில்லை என்று ஜப்பானியரும் ஒருநாள் உணர்ந்தார்கள், பர்மாவில் இருந்த தங்கள் படைக்கு நிலவழி தேடினார்கள். அதுதான் சயாம்-பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர் காட்டுப் பாதையை 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் விட்டார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பெயரும் படைப்பிரிவும். தமிழர்களுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் மூன்று கடிதங்கள் இருந்தன. கடைசிக் கடிதத்தில் கிணற்றில் தண்ணீர் ஊறியதா என்று கேட்டிருந்தார்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் குவாந்தானுக்கு அப்பால் 68 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழத் தலைகீழாகக் கிடக்கிறது. அதன் மணியை 2002-ல் எடுத்துப்போய் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மற்றதைப் பழைய இரும்புக்காரர்கள் வெடிவைத்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். 2023 மே மாதம் மலேசியக் கடல்சார் அமலாக்கத் துறை அந்தச் சந்தேகத்தில் ஒரு சீனக் கப்பலைப் பிடித்துவைத்தது. தலைகீழாகக் கிடப்பதில் ஒரே ஒரு வசதி, ஷாஃப்ட்டுகள் வெளியேறும் அடிப்பகுதி மேல்பார்த்து இருக்கிறது. 2007-ல் முங்கியவர்கள் இடப்பக்க வெளி ஷாஃப்ட்டின் சேதத்தை நேராகப் பார்த்து அளக்க முடிந்தது அதனால்தான்.

என் மாதிரியில் இரண்டே மோட்டார். உள்ஷாஃப்ட் இரண்டுக்கும் அவை போகும். வெளி ஷாஃப்ட் இரண்டும் எதோடும் இணையாது, கப்பல் நகரும்போது தண்ணீர் தள்ளுவதில் தானாகச் சுற்றும். மாதிரி செய்கிறவர்கள் பலரும் எடையை மிச்சப்படுத்த இப்படித்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நான்கு ஓட்டைக்கும் குழாய் இறக்கி, நான்கிலும் கிரீஸ் அடைத்திருக்கிறேன். இடப்பக்கத்து வெளித் தாங்கிக்கு மட்டும் இன்னும் பித்தளை வெட்டவில்லை.